கையை எடுங்கள்

கொலுசுப் பட்டறை பில்லின் பின்பக்கத்தில்
எழுத ஆரம்பித்தேன்.
முதல் விதி: யாரும் ஓட்டக் கூடாது.

மாதேசு சிரித்தான்.
பிறகு எதற்கு நாலு பேர்,
எதற்குச் சனிக்கிழமை,
எதற்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய்?
பார்க்க, என்றேன்.
கம்ப்யூட்டர் ஓட்டும்.
நாம் எண் மட்டும் கொடுப்போம்:
திறமை இவ்வளவு, முரட்டுத்தனம் இவ்வளவு,
இரண்டும் சேர்ந்து
நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது.
சீசன் தொடங்கிவிட்டால்
எண்ணில் கை வைக்கக் கூடாது.
தோற்றாலும், அழுதாலும்.

செவ்வாய்ப்பேட்டையில் மாடி அறை.
கீழே மெருகு போடும் மோட்டார் நின்றால்தான்
மேலே எஞ்சின் சத்தம் காதில் விழும்.
அதனால் எட்டு மணிக்கு முன் பந்தயம் கிடையாது.
இதை எங்கும் எழுதவில்லை,
ஆனாலும் யாரும் மீறியதில்லை.

தடம் பர்வீன் செய்தது.
அடிவாரத்தில் கிளம்பி
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஏற்காடு ஏரியை ஒட்டிப் போய்
குப்பனூர் வழியாக இறங்கினால் ஒரு சுற்று.
மூன்று மாதம் ஞாயிறுதோறும்
ஸ்கூட்டியில் போய் அளந்தாள்.
அளவு நாடாவைக் குரங்கு பிடுங்கிக்கொண்டதால்
பதின்மூன்றாம் வளைவு மட்டும் உத்தேசம்.

பன்னிரண்டு கார்.
நாலுக்குத்தான் சொந்தக்காரர்,
மீதி அனாமத்து.
உயிரோடிருப்பவர் பெயரை
ஓட்டுநருக்கு வைக்கக் கூடாது என்பது
இரண்டாம் வாரம் சேர்த்த விதி:
இருதயராஜ் தன் எஸ்டேட் மேனேஜரின் பெயரை வைத்து
ஒவ்வொரு மோதலுக்கும் எழுந்து நின்று கைதட்டினான்.
அப்புறம் அது 'இடி' ஆனது.
பர்வீனுடையது 'ஜவ்வரிசி'.
மாதேசுடையது 'கருப்பட்டி',
திறமை எழுபத்தொன்று,
முரட்டுத்தனம் இருபத்திரண்டு.
மிச்சம் ஐம்பத்தேழை என்னடா பண்ணப் போகிறாய்?
இருக்கட்டும், என்றான்.

கரண்ட் போனால்
கடைசியாக முடிந்த சுற்றின் வரிசையே முடிவு.
இடித்துத் தள்ளினால் ஐந்து நொடி தண்டம்.
தண்டம் விழுந்தால்
கம்ப்யூட்டர் முகம் சுளிப்பதில்லை.
ஒரு வாரம் பேசாமல் இருப்பது நாங்கள்தான்.

ஒன்பதாம் வளைவில்
எல்லா வண்டியும் காரணமில்லாமல் பிரேக் பிடித்தன.
வெறும் சாலை. வெயில்.
பர்வீன் உள்ளே போய்த் தேடினாள்.
அங்கே முதலில் ஒரு பலாப்பழக் கடை வரைந்திருந்தாளாம்;
நன்றாக வரவில்லை என்று அழித்திருக்கிறாள்.
படம் போய்விட்டது, தடை போகவில்லை.
இல்லாத கடைக்குப் பன்னிரண்டு ஓட்டுநர்களும்
வேகம் குறைத்து
ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.
சரிசெய்யலாமா என்று ஓட்டெடுத்தோம்.
மூன்றுக்கு ஒன்று: கடை இருக்கட்டும்.

ஆகஸ்டில் மாதேசு ஓசூருக்கு வேலைக்குப் போனான்.
இரவு ஷிப்ட் என்றான் முதல் வாரம்.
அப்புறம் போன் எடுக்கவில்லை.
சொந்தக்காரர் வராவிட்டால்?
பில்லைப் புரட்டிப் பார்த்தோம், அதற்கு விதியே இல்லை.
எண்ணில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் இருந்தது,
என் கையெழுத்தில்.

கருப்பட்டி ஓடியது.
நாற்காலி காலியாக இருப்பது அதற்குத் தெரியாது.
யாரையும் இடிக்காமல்
நாலாவதாக, மூன்றாவதாக, மறுபடி நாலாவதாக,
தண்டமே வாங்காமல்
எறும்பு மாதிரி புள்ளி சேர்த்தது.

கடைசிப் பந்தயம். கடைசிச் சுற்று.
இடியும் ஜவ்வரிசியும் என்னுடையதும்
ஒன்பதாம் வளைவில்
அந்த இல்லாத கடைமேல் ஒன்றாகப் போய் விழுந்தன.
பின்னால் வந்த கருப்பட்டி
பிரேக் பிடித்தது.
நின்றது.
வழி விட்டபிறகு போனது.

கோப்பை ஓர் எவர்சில்வர் சொம்பு.
கீழே பட்டறையில் பெயர் வெட்டித் தருவதாகச் சொன்னார்கள்,
யார் பெயரை என்று கேட்டார்கள்.
மாதேசுக்குச் செய்தி அனுப்பினேன்:
ஜெயித்துவிட்டாய்.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது:
எதில்?

இருதயராஜ் போனைப் பிடுங்கி
பதில் எழுத உட்கார்ந்தான்.
இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறான்.
தட்டுவடை செட்டில்
துருவிய பீட்ரூட்
தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது.