குறுக்குக் கால்

ஒரே மேசைமேல் இரண்டு டப்பா.
ஒன்றில் வெளுப்பு, ஒன்றில் கரி.
வெளுப்பை எனக்குப் பூசினார்கள், முழங்கை வரைக்கும்.
முகமூடி இருந்ததால் முகம் தப்பியது.
கரி சிக்கிக்கு.
"ஆதிவாசி மாதிரியே இல்லையே" என்றான் மேக்கப்காரன்,
பணியர் குடியில் பிறந்தவளைப் பார்த்து.
ஒரே ஜீப்பில்தான் வந்திருந்தோம் இருவரும்.
ஒரே நிறத்தில்.

பூமியைக் காப்பாற்றுகிறவள் நான்,
தூரத்துக் காட்சிகளில் மட்டும்.
கிட்டத்தில் வந்தால் அது வேறொருத்தி,
குடைக்குக் கீழே இளநீர் குடித்துக்கொண்டிருந்தவள்.
நல்ல பெண்தான்.
என் கயிற்றை இரண்டு தடவை தானே இழுத்துப் பார்த்தாள்.

சேரம்பாடிச் சரிவின்மேல் கிரேன் தூக்கியது.
கீழே பதினேழாம் நம்பர் காடு,
பதினொரு வருஷம் நான் கொழுந்து கிள்ளிய இடம்,
வகிடு வகிடாய், எண்ணெய் வைத்து வாரிய தலைபோல.
பயம் வரவில்லை.
அட்டை ஏற முடியாத உயரம் இது
என்றுதான் தோன்றியது.

பறக்கிற கூலி ஆயிரத்து இருநூறு.
காப்பாற்றப்படுகிற கூலி ஐந்நூறு.
அலறினால் ஐம்பது கூட.
சிக்கி அலறவில்லை.
"யானை வந்தாலே நாங்க சத்தம் போடமாட்டோம்,
இதுக்கு எதுக்கு?"
அவள் சேலையை வாங்கி வைத்துக்கொண்டு
சாக்கில் தைத்த எதையோ உடுத்தக் கொடுத்தார்கள்.
சேலை திரும்பி வரவேயில்லை.

சாயங்காலம் ஒரே குழாயடி.
என் வெளுப்பும் அவள் கரியும்
வாய்க்காலில் சேர்ந்து சாம்பலாகித்
தேயிலைக்குள் போயின.

மறு வருஷம் கூடலூரில் படம்.
எங்கள் லைனே பஸ் ஏறியது.
திரையில் எல்லோரும் தமிழ் பேசினார்கள்,
வேற்றுக்கிரகத்தான் உட்பட.
எங்கள் மலைக்குத்தான் வாயில் நுழையாத
ஏதோ ஒரு நாட்டின் பேர்.
வெளுக்கன் கையை நீட்டி என்னவோ சொன்னார்.
அடியில் எழுத்து வந்தது:
புரியாத மொழியில் வேண்டுகிறார்.
"என்னண்ணே வேண்டினீங்க?"
"அட்டை ஏறுது, சீக்கிரம் எடுங்கப்பான்னேன்."

பிறகு அவள் பறந்து வந்து சரிவில் இறங்கினாள்.
கிட்டத்தில் பாதம் நேராக.
தூரத்தில் பாதம் குறுக்கே,
குதிகால் மண்ணைக் கவ்வ,
முதுகில் கூடை தொங்குவதுபோல் லேசாய்க் குனிந்து.
உலகத்தைக் காக்கப் பிறந்தவர் யாரும்
அப்படி இறங்கமாட்டார்கள்.
கொழுந்துக்காரி இறங்குவாள்.
இருட்டுக்குள் லில்லிதான் முதலில் கத்தினாள்:
"ஏய், தவமலரு!"
விசில். மூன்று வரிசைக்கு விசில்.
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்,
வில்லன் இன்னும் சாகவில்லையே என்பதுபோல.

சிக்கி நான்கு விநாடி வந்தாள்.
முதுகு.
"என் முதுகு" என்றாள்,
முதன்முதலாகப் பார்க்கிறவள்போல.
முதன்முதலாகத்தான் பார்த்தாள்.

முடிந்ததும் பெயர்கள் ஏறின.
எல்லாம் இங்கிலீஷ் எழுத்து.
சாப்பாடு போட்டவர், நாய் பழக்கியவர்,
நாயின் பெயர்கூட.
"நம்ம பேரு வருதா பாரு"
சிக்கி என் தோளை அழுத்தினாள்.
நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன்.
ஒன்றைப் பிடிப்பதற்குள் பத்து மேலே போய்விடும்.
டி-யில் தொடங்கிய ஒன்று
கண்ணில் பட்ட மாதிரி இருந்தது.
டி-யில் தொடங்குகிறவர்கள்
அந்த ஊரில் எத்தனை பேரோ.

எட்டுப் பத்துக்குச் சேரம்பாடி கடைசி பஸ்.
ஓடினோம்.
பின்னால் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன பெயர்கள்,
காலி நாற்காலிகளுக்கு.

பந்தலூர் தாண்டும்வரை சிக்கி பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"இதுக்கு ரெண்டாம் பாகம் எடுப்பாங்களாமே,
என் சேலையைக் கொண்டுட்டு வருவாங்களா?"