எடைமேடை, பத்து மாவுங்

ஆறேகாலுக்கு முதல் லோரி ஏறுகிறது.
பதினொரு டன் நானூற்று இருபது என்கிறான் தேவராஜு,
திரையைப் பார்க்காமலே.
வண்டி குனியும் விதத்தில் தெரிகிறதாம்
நேற்று ஜெலுத்தோங்கில் கல்யாணமென்று.

என் அட்டவணையில் மூன்று பத்திகள்:
புதைத்தால், எரித்தால், மக்கவிட்டால்.
ஒரு டன்னுக்கு எவ்வளவு மீத்தேன்,
எத்தனை லிட்டர் கசிநீர்,
அக்கரை போய்வர எவ்வளவு டீசல்.

எரித்தால் இடம் மிச்சம்.
ஆனால் நம்முடையது ஈரக் குப்பை.
சோற்றைக் காயவைக்கவே
பாதி நெருப்பு போய்விடும்.

புதைக்குமிடத்துக்குப் புலாவ் புரோங் என்று பெயர்,
பறவைத் தீவு.
தீவில்லை. பறவை உண்டு:
புல்டோசருக்கு இரண்டடி பின்னால்
வெள்ளை கலையாமல் நடக்கும் கொக்குகள்.
அவற்றுக்கு என்னிடம் பத்தி இல்லை.

மக்கவிடலாம், வீட்டிலேயே பிரித்துத் தந்தால்.
எத்தனை வீடு தரும்?
முப்பது விழுக்காடு என்று போட்டிருந்தேன்.
ஏன் முப்பது என்றான் தேவராஜு.
அறிக்கைகளில் அப்படித்தான் போடுவார்கள் என்றேன்.
அவன் அடுத்த லோரிக்குக் கையசைத்தான்.

மதியம் நாசி கண்டார், பாதி மீந்தது.
சரி, பிரிப்போம் என்று உட்கார்ந்தேன்.
சோறு ஒரு பக்கம். மீன்முள் அதோடு.
குழம்புப் பையைக் கழுவக் குழாய் தேடினேன்.
பழுப்புத் தாளிலிருந்து
பிளாஸ்டிக் பூச்சை நகத்தால் உரித்தேன்,
தாள்தான் கிழிந்தது.
எல்லாவற்றையும் திரும்பச் சுருட்டி
ஒரே தொட்டியில் போட்டேன்.
ரப்பர் வளையம் மட்டும் மணிக்கட்டில்.

அறைக்கு வந்து
முப்பதை அழித்து இருபத்திரண்டு என்றடித்தேன்.
புதைப்பது முதலிடத்துக்கு வந்தது.