விதி மூன்று

கம்பிக் கதவில் ஒட்டிய தாளில்
சிவப்பு மையில் விதி மூன்று:
காய்ச்சல் விட்டு ஒரு முழுநாள் ஆகாமல்
பிள்ளையைக் கொண்டுவர வேண்டாம்.
ஜெலுத்தோங் பிளாட், ஒன்பதாம் மாடி.
சாரல் அடித்துத் துணைக்கால் கரைந்ததில்
வேண்டாமா வேண்டுமா என்று
அவரவர் வசதிப்படி படித்துக்கொள்கிறார்கள்.

ஆறே கால்.
விமலேஸ்வரி தோளில் ஹர்வின்.
"தூக்கக் கலக்கம்தான் அக்கா."
அவன் வாயில் ஸ்ட்ராபெரி வாசம்.
விடியற்காலையில் எந்த வீட்டில்
பழம் தின்னக் கொடுக்கிறார்கள்?
அந்தச் சிரப்புக்கு ஆயுள் நாலு மணி நேரம்.
பத்தே காலுக்கு அது
என் மடியில்தான் சாகும்.

நெற்றியில் கருவியை வைத்தேன்.
முப்பத்தேழு புள்ளி ஒன்று.
"பாருங்க" என்றாள்,
பரீட்சையில் தேறியவள் மாதிரி.
உள்ளங்கையை விரிடா கண்ணு என்றேன்.
ஏதோ தரப்போகிறேன் என்று நினைத்து
இரண்டு கையையும் விரித்தான்.

வலது கையில் இரண்டு சிவப்புப் புள்ளி.
இடது கையில் ஒன்று.

எனக்குப் பின்னால்
ஸ்பிரிங் தொட்டிலில் அஸ்லிண்டாவின் குழந்தை,
ஏழு மாதம்.
இன்னும் மூன்று பேர் ரொட்டியை மைலோவில் முக்கியபடி.
போன வருஷம் ஒருநாள்
சரி, அரைநாள்தானே என்று கதவைத் திறந்தேன்.
ஆறு பிள்ளைகள்.
வாயெல்லாம் கொப்புளம்.
கஞ்சி இறங்காமல் அழுத அழுகை
ஒன்பது நாள் மூடிய வீட்டில்
எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கீழே பாயான் லெப்பாஸ் பேருந்து
ஹாரன் அடிக்கிறது.
ஒருநாள் போகாவிட்டால்
வருகைப்படி நூற்றைம்பது வெள்ளி போய்விடும்.
அவள் சொல்லவில்லை.
எனக்கே தெரியும்,
அந்த வரிசையில் பதினொரு வருஷம்
பூதக்கண்ணாடியில் சிப்பு பார்த்தவள் நான்.
குறை இருந்தால் சிவப்புத் தட்டில் போடு.
யோசிக்காதே, அடுத்ததை எடு.

"கிளினிக் கடிதம் கொண்டு வா, விமலா."
"அரைநாள் அக்கா. மத்தியானம் அவர் வந்துடுவார்."
"வேண்டாம்."
(அதில் துணைக்கால் இருந்தது.)

அவள் பையைத் தோளில் ஏற்றினாள்.
"உங்களுக்கு ஒண்ணு இருந்திருந்தா தெரியும்."

லிஃப்ட் மூடும்வரை
விரித்த கையை அவன் மூடவில்லை.

விதி நான்கு:
வராத நாளுக்கும் கட்டணம் உண்டு.
அதையும் எழுதியவள் நான்தான்.
அந்த வரியில் மட்டும்
எந்த மழையும் படவில்லை.
மாதக் கடைசியில் அவள்
ஒரு வெள்ளி குறையாமல் அனுப்பினாள்.
நன்றி என்று பதில் போட
ஒரு மணி நேரம் ஆனது எனக்கு.

அடுத்த மாதம் ஒரு வியாழன்.
விடிகாலை ஐந்து மணி.
தொண்டையில் மணல் அரைபடுகிறது.
பிள்ளைகளுக்கு வைக்கும் கருவியை
என் நெற்றியில் வைத்தேன்.
முப்பத்தெட்டு புள்ளி நாலு.

ஐந்து வீட்டில் ஐந்து அலாரம்
இந்நேரம் அடித்திருக்கும்.
எனக்கு எம்.சி. எழுதினால்
யாரிடம் போய்க் கொடுப்பது?
தாளை முழுக்கப் படித்தேன்.
பதினோரு விதிகள்.
என்னைப் பற்றி ஒன்றும் இல்லை.

இரண்டு பனடோல், ஒரு மடக்குத் தண்ணீர்.
மாத்திரைக்கு வாசம் கிடையாது.
முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு
விளக்கைப் போட்டேன்.

ஆறே கால்.
"அக்கா, கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"
"தூக்கக் கலக்கம்தான்."

விமலேஸ்வரி என்னைப் பார்த்தாள்,
வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம்.
கீழே ஹாரன்.
பையைக் கம்பி இடுக்கில் நீட்டினாள்.

ஹர்வின் இப்போதெல்லாம்
கேட்காமலே இரண்டு கையையும் விரிக்கிறான்.
சுத்தமான கைகள்.
காட்டிவிட்டு,
என் கையைப் பார்த்தபடி நின்றான்.