பின்னால் நின்றவன்

பதினோரு வருஷம் இன்னாசி
எனக்குப் பின்னால் நின்றான்.
அவன் பாய்ந்து நான் பார்த்ததில்லை.
கேட்டிருக்கிறேன்:
மழையில் ஊறிய தோல்பந்து நெஞ்சில் விழும்,
தொங்கானிலிருந்து அரிசி மூட்டை இறக்கினாற்போல்.
உடனே அவன் குரல்,
“விடு, என்னுது!”

வாரநாளில் டிராம் கண்டக்டர்.
கேலாங் போகிறவர்கள் சுண்டும் காசை
ஒற்றைக் கையில் பிடிப்பானாம்.
அதையும் பார்த்ததில்லை.

பன்னிரண்டில் சட்டம் மாறிற்று.
பாதித் திடல் வரை பந்தைக் கையில் தொடலாம் என்றிருந்தது
பெட்டிக்குள் சுருங்கிப்போனது.
“வாடகை குறையுமா?” என்றான்.

கடைசி ஆட்டம் பட்டாளத்தோடு.
அவர்களுக்கு பூட்ஸ், எங்களுக்கு வெறுங்கால்.
முருங்கைக்காய் முறிந்த சத்தம், மூன்று தடவை.
நான் திரும்புவதற்குள் ஆள்கூட்டம் மூடிவிட்டது.
பந்தை விடவில்லை என்றார்கள்.

டிக்கெட்டில் ஓட்டை போட முடியாத விரலை
டிராம் கம்பெனி என்ன செய்யும்?
அனுப்பிவிட்டது.
அப்புறம் எங்கெங்கோ காவல் வேலை,
கொஞ்சம் கள், நிறைய இருமல்.

நேற்று பிடாதரிக்குச் சுமந்து போனோம்.
எனக்கு முன்பக்கம்.
அவன் வழக்கம்போல் பின்னால்.
மேட்டில் மழை பிடித்துக்கொண்டது.
செம்மண்ணில் என் கால் வழுக்க,
பெட்டி ஒரு பக்கம் சாய,

காது தானாகப் பின்னால் போனது.