முப்பத்தெட்டாம் கேஜ்

செங்கோட்டுவேலு கொண்டுவந்து போட்டார்:
இசைத்தட்டு சுற்றுகிற பெட்டி, மோட்டார் கருகியது.
மூடின மில்லின் இஞ்சினியர் பங்களாவை
இடிக்கிறபோது பரணில் கிடைத்ததாம்.
உள்ளே ஒரே ஒரு தட்டு, அதன் உறையோடு.

கணபதியில் பம்புசெட்டுக்கு வைண்டிங் கட்டுகிற எனக்கு
இது எலிக்குஞ்சு.
முப்பத்தெட்டாம் கேஜ் கம்பி,
மூச்சுப் பட்டால் அறும்.

உறையின்மேல் ஒரு ஆள்.
மீசையை மெழுகு போட்டு நிறுத்தியிருக்கிறார்.
பாக்கி கேட்கப் போனால்
நாளைக்கு வா என்கிறவரின் சிரிப்பு.
பின்பக்கம் முழுக்க ஜெர்மன்.
எனக்குத் தெரிந்தது எண்கள்தான்.
1869-இல் தொடங்கி 1939-இல் முடிகிறார்.
நடுவில் வருசத்துக்கு ஒரு நாடகம், சில வருசம் இரண்டு.
1914-க்குப் பிறகு
நாலு விரல்கடை வெறும் பழுப்பு.

பாவம், இவருக்கும் மில்லைப் பூட்டியிருக்கிறார்கள்
என்று நினைத்தபடியே சுற்று எண்ணினேன்.
ஆயிரத்து நூறில் கணக்குத் தப்பியது.
பிரித்து, மறுபடி ஒன்று.

மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தா
நர்ஸ் வேலைக்குப் போக ஜெர்மன் படிக்கிறாள்.
இரண்டு பரீட்சை தேறியவள்.
விரல் வைத்துப் படித்தாள்:
"பட்டாளத்து பேண்டுக்காரரு மகனாமுங்க்கா.
வியன்னாவுல சிரிப்பு நாடகத்துக்குப் பாட்டுக் கட்டுவாராம்.
பொய் மீசை, மாறிப்போன கடுதாசி,
மூணாம் அங்கத்துல கல்யாணம்.
இது பழுப்பு இல்லீங்க்கா, கரையான் மண்ணு."

நகத்தால் சுரண்டினாள்.
அடியில் இருந்தன பதினொரு நாடகம்,
அத்தனையும் சண்டை நடந்த வருசங்களில்.
"மகன் செத்தது பதினாறுல" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அந்த வருசம் மூணு."

எங்கள் மில் பூட்டிய வருசம்
கடையில் கடன் நின்றுபோன பிறகும்
ஒரே சிரிப்புப் படத்துக்கு ஏழு தடவை போனோம்.
கடைசி இரண்டு தடவை
டிக்கெட் கிழிக்கிறவர் கையே நீட்டவில்லை.

ஆறு மணிக்கு ஊசியை வைத்தேன்.
ஒரு அடி பலமாய், இரண்டு லேசாய்,
வார் அறுந்த செருப்போடு படியேறுகிற மாதிரி.
அதன்மேல் ஒரு பெண் குரல்,
ஏறி, இன்னும் ஏறி,
உச்சிக்கு ஒரு சாண் இருக்கையில்
எவனெவனோ மோட்டார் போட்டுவிட்டான் போல,
வோல்டேஜ் இறங்கியது.
பாடியவள் கிறங்கிக் கிறங்கி
கட்டைக் குரல் ஆம்பளையானாள்.
ஜெசிந்தா சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.
"பொய் மீசை வெச்சாச்சு" என்றேன்.

செங்கோட்டுவேலு போனில் கேட்டார்:
"பாடுதுங்களா?"

"சுத்துதுங்க.
நானூத்தம்பது."