வெள்ளிமோர்

ஆட்டோவில் என் மடிமேல் வருகிறது கோப்பை,
காதுகள் இரண்டையும் துணிப்பைக்கு வெளியே நீட்டியபடி.
மீட்டர் போடச் சொன்னதற்குச் சிரித்த டிரைவர்
டவுன்ஹால் சிக்னலில் திரும்பிக் கேட்கிறார்:
"கிரிக்கெட்டா மேடம்?"
"ஓட்டம். ஆயிரத்தைந்நூறு மீட்டர்."
"ஓ" என்றுவிட்டு ஹாரனை அழுத்துகிறார்.

முப்பத்தொன்றில்
வில்ட்மோர் என்றொரு துரை கொடுத்தது,
ஒரு மைல் பந்தயத்துக்கு.
அல்சூர் வாயில் அந்தப் பெயர் நிற்கவில்லை.
அடுத்த வருஷமே வெள்ளிமோர் ஆகிவிட்டது.
பெயரை நம்பி யாரோ நாற்பதில்
நிஜமாகவே மோர் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு
ஜெயித்தவனிடம் நீட்டினார்களாம்.
மூச்சு வாங்கக் குடித்தவன் சவரிமுத்து, தங்கவயல்காரன்.
அடியில் ஒரு கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.
எத்தனை விபூதி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

முப்பத்தெட்டாம் வருஷத் தகட்டைத் தடவினால்
விரல் வழுக்கும்.
ஓசூர்த் திருவிழா ஓட்டத்தில்
ஐந்து ரூபாய் வாங்கினான் என்று மொட்டைக் கடுதாசி வந்து,
காசுக்கு ஓடியவன் என்று சுரண்டியெடுத்த பெயர்.
வெயிலில் சாய்த்துப் பிடித்தால் முதலில் ஓர் எம் தெரியும்.
முனிவெங்கடப்பாவா, மாதய்யாவா,
மினிட்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.
ஐந்து ரூபாயில் என்ன வாங்கியிருப்பான்?

நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தைந்து வரை
நான்கு தகடுகள் வெறுமை.
ஓடியிருக்க வேண்டிய கால்கள்
பர்மாச் சேற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தன.
போன கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் சொன்னார்:
"புது அடுக்குக்கு எதுக்குச் செலவு?
நாலு தகடு சும்மாத்தானே கிடக்கு.
கடைசி நாலு வருஷத்தை அதுல வெட்டிடலாம்."
டீ வந்தது.
நனைத்த பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் மூழ்கும்வரை
பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு "முடியாது" என்றேன்.

எழுபத்திரண்டில் மைல் போயிற்று.
நூற்றொன்பது மீட்டரை யாரோ கத்தரித்து
எங்கோ போட்டுவிட்டார்கள்.
மூன்று வருஷம் தொடர்ந்து மைலை ஜெயித்த எல்வின் பிண்டோ
அந்த வருஷமும் முதலில் வந்தான். ஆனால் நிற்கவில்லை.
ரிப்பன் மார்பில் ஒட்டிப் பறக்க
வளைவுக்குள் நுழைந்து ஓடினான்.
இரண்டாவது வந்தவனைத் தோளில் தூக்கப் போனவர்கள்
குழம்பி நின்றார்கள்.
வளைவு முடியப் போகும் இடத்தில், கோடும் இல்லை ஆளும் இல்லை,
அங்கே நின்று முட்டியில் கை ஊன்றினான்.
ஒரே ஒரு டைம்கீப்பர்
அதுவரை வாட்சை அமுக்காமல் வைத்திருந்திருக்கிறார்.
மினிட்ஸ் ஓரத்தில், பென்சிலில்: 4.18.
யார் கையெழுத்து என்று தெரியவில்லை.

பெண்களுக்கு எண்பத்தொன்றில் ஆரம்பித்தார்கள்.
அதே தடம், அதே தூரம்,
கடைசிச் சுற்றுக்கு அதே மணி.
பரிசு மட்டும் ஹாட்பாக்ஸ்.
தொண்ணூற்று மூன்றின் ஹாட்பாக்ஸ் என் வீட்டில் இருக்கிறது.
மூடி தொலைந்துவிட்டது.
வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

நகர்த்பேட்டைச் சந்தில் வண்டி நுழையாது.
இறங்கி, இடுப்பில் வைத்து நடந்தேன்.
கடையில் ஃபயாஸ் லேசர் மெஷினைத் துடைத்துக்கொண்டே
"எத்தனை பேர்?" என்றான்.
கமிட்டி கொடுத்த தாளில் நான்கு.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் என் கையெழுத்து, பொடிப்பொடியாக:
எண்பத்தொன்று ஃபிலோமினா,
எண்பத்திரண்டு கங்கம்மா,
எண்பத்துமூன்று மறுபடி கங்கம்மா,
எண்பத்துநாலு...
அவன் உதடு அசையாமல் எண்ணினான்.
"ஒரு அடுக்குல அடங்காது மேடம். ரெண்டு ஆகும்.
உயரமாயிடும். பீரோவுல நிக்காதே?"
"பீரோவை மாத்திக்கிறோம்."

கோப்பையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தவன்
முப்பத்தெட்டில் கட்டைவிரலை வைத்தான்.
"இங்க லேசா ஒரு கீறல் தெரியுது.
பாலிஷ் போட்டா சுத்தமா போயிடும். போட்டுடவா?"

"வேண்டாம்" என்றேன்.
"அது எம்."