மூன்றாவது கட்டம்

நள்ளிரவில் பட்டியல் மூடிவிடும்.
மூன்று கட்டங்களில் இரண்டை நிரப்பிவிட்டேன்.
மூன்றாவதில் துடித்துக்கொண்டிருக்கிறது கர்சர்:
எரிசக்தியா, நீரா, கொள்கையா,
சீக்கிரம் சொல் என்பதுபோல.

வுப்போ சுழற்சிப் பொருளாதாரம் எடுத்துவிட்டான்.
வகுப்பு பதினோரு மணிக்கு, தேர்வும் இல்லை.
அவனைக் குறை சொல்ல மாட்டேன்.
க்ரோனிங்கன் குளிரில்
அதுவும் ஒருவகை நிலைத்தன்மைதான்.

உனக்கு எதில் ஆர்வம், ஹில்யே?
ஆலோசகர் கேட்டார்.
ஆர்வம் என்று சொல்லலாமா தெரியவில்லை.
லோப்பர்சம் அருகே எங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு
ஆறு மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன.
அடியிலிருந்த எரிவாயுவை உறிஞ்சி எடுத்தபின்
தரை அவ்வப்போது தோளைக் குலுக்கிக்கொள்கிறது.
(அதே வாயுவில்தான் எங்கள் அடுப்பும் எரிந்தது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.)
சேதம் பார்க்க வந்தவர்
விரிசலுக்குள் பென்சிலை நுழைத்து எடுத்து
அதே பென்சிலால் எழுதினார்:
பழைய விரிசல்.
அப்பா அன்று காப்பியில்
மூன்று முறை சர்க்கரை போட்டார்.

பட்டியலின் அடியில் யாரும் சீண்டாத ஒன்று:
மண் இயக்கவியல்.
திங்கள் காலை எட்டரை, ஊருக்கு வெளியே,
எதிர்க்காற்றில் சைக்கிள்.
ஒன்பதாம் வாரம்: அமிழும் நிலம்.
கால்குலேட்டரும் பென்சிலும் அவசியம்.
இருபத்தேழு இடங்கள் காலி.

சுழற்சிப் பொருளாதாரத்தை
ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டேன்.

இருபத்தாறு.

எட்டரைக்கா? என்கிறான் வுப்போ,
பீட்சாவின் கடைசித் துண்டை
என் பக்கம் தள்ளியபடி.